எல், லா, லோஸ், லாஸ்: ஸ்பானிஷ் பெயர்ச்சொல்லின் பாலும் எண்ணும்

ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரியாது என்பவர்களுக்கும் அந்த மொழியின் மிக முக்கியமான நான்கு சொற்கள் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். வானிலைச் செய்திகளில் அடிபடும் எல் நினோ, அதற்கு நேரெதிரான லா நினா, அமெரிக்க நகரங்களான லாஸ் ஏஞ்சலிஸ், லாஸ் வேகாஸ். இந்தப் பெயர்களின் முன்பாதியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

எல் நினோ, சரியான உச்சரிப்பில் எல் நீன்யோ, என்றால் 'சிறுவன்'. பெரு நாட்டுக் கரையோர மீனவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல்நீர் சூடாவதைக் கவனித்து, குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர் இது. பின்னாளில் இதற்கு எதிரான நிலைக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டபோது அறிவியலாளர்கள் சிறுவனைச் சிறுமியாக்கிவிட்டார்கள்: லா நீன்யா. சொல்லின் கடைசியில் இருந்த ஓகாரம் ஆகாரமானது. முன்னால் நின்ற 'எல்', 'லா' ஆனது. நகரப் பெயர்கள் இரண்டும் பன்மை. முதலாவது தேவதூதர்கள், இரண்டாவது வளமான சமவெளிகள். தமிழில் இரண்டையும் 'லாஸ்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஸ்பானிஷ்காரர் வாயில் முன்னது லோஸ் ஆங்ஹெலெஸ், பின்னதுதான் லாஸ் வேகாஸ். அங்கே ஆண்பால் பன்மை, இங்கே பெண்பால் பன்மை.

சிறுவன் ஆண்பால், சிறுமி பெண்பால் என்பது சரி. சமவெளி எப்படிப் பெண்பால் ஆனது? தொடக்கநிலை மாணவர்கள் அனைவரும் தடுக்கி விழும் இடம் இது.

அதற்குமுன் ஒரு சிறு குறிப்பு. ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நம் எழுத்தில் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கும், 'த' ஒன்றே இரண்டு ஒலிக்கும் என்பதால் இது தோராயம்தான். ஒலியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 'வ' என்று நான் எழுதும் இடங்களில் அவர்கள் உதடுகளைச் சேர்த்து ஏறக்குறைய 'ப' என்றே உச்சரிப்பார்கள்.

பால் இருப்பது சொல்லில்

தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மனிதரா இல்லையா என்று முதலில் திணை பிரிக்கிறோம். மனிதர் என்றால் ஆணா, பெண்ணா, பலரா என்று பார்க்கிறோம். மற்ற அனைத்தும் 'அது' அல்லது 'அவை'. நாற்காலி, மலை, பொறாமை எதுவானாலும் யோசிக்கவே வேண்டாம். பொருள் தெரிந்தால் பால் தெரிந்துவிடும்.

ஸ்பானிஷில் பெயர்ச்சொற்களுக்கு 'அது' என்ற வகையே கிடையாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தாக வேண்டும். ஒரே மேசையில் கிடக்கும் கரண்டி பெண்பால் (லா குச்சாரா), முள்கரண்டி ஆண்பால் (எல் தெனெதோர்), கத்தியும் ஆண்பால் (எல் குச்சீயோ). கத்தியில் ஆண்மை தெரிகிறதா, கரண்டியில் பெண்மை தெரிகிறதா என்று உற்றுப் பார்ப்பது வீண்வேலை. ஸ்பானிஷ் பேசுபவரும் கரண்டியைப் பெண்ணாகக் கற்பனை செய்துகொண்டு சாப்பிடுவதில்லை.

இதற்கு நல்ல சாட்சி கணினி. ஸ்பெயினில் அதற்குப் பெயர் எல் ஓர்தெனாதோர், ஆண்பால். மெக்சிகோவில் லா கோம்பூத்தாதோரா, பெண்பால். கொலம்பியாவில் எல் கோம்பூத்தாதோர், மீண்டும் ஆண்பால். அதே கருவி, அதே திரை, அதே விசைப்பலகை. அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் பால் மாறிவிட்டது. மாறியது கருவியல்ல, சொல். ஒரே ஊரில்கூட முகத்துக்கு லா காரா என்று பெண்பாலில் ஒரு சொல்லும், எல் ரோஸ்த்ரோ என்று ஆண்பாலில் இன்னொரு சொல்லும் உண்டு. ஆகவே 'இந்தப் பொருள் ஆணா பெண்ணா' என்று கேட்காதீர்கள். 'இந்தச் சொல் எந்த வரிசையில் நிற்கிறது' என்று கேளுங்கள். மொத்தம் இரண்டே வரிசைகள். அவற்றுக்கு ஆண், பெண் என்று பெயர் வைத்ததற்குப் பதிலாக முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று வைத்திருந்தால் பாதிக் குழப்பம் குறைந்திருக்கும்.

ஸ்பானிஷின் தாய்மொழியான லத்தீனில் வரிசைகள் மூன்று இருந்தன. மூன்றாவது, ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத பொதுப்பால். அது காலப்போக்கில் கரைந்து, பெரும்பாலான சொற்கள் ஆண்பாலில் போய்ச் சேர்ந்தன. சில சொற்கள் வேடிக்கையாக இடம் மாறின. லத்தீனில் 'ஃபோலியும்' என்றால் இலை, பன்மையில் 'ஃபோலியா'. அந்தப் பன்மையின் கடைசி ஆகாரம் பெண்பால் ஒருமை போல ஒலித்ததால் மக்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்று இலைக்கும் காகிதத் தாளுக்கும் ஸ்பானிஷ் சொல் லா ஓஹா, பெண்பால் ஒருமை.

பால் எங்கே வெளிப்படுகிறது?

இந்த விஷயத்தில் தமிழருக்கு ஒரு சாதகம் உண்டு. சொற்கள் ஒன்றுக்கொன்று இயைந்து வரவேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. 'அவள் வந்தான்' என்று யாராவது சொன்னால் உடனே காது உறுத்தும். ஸ்பானிஷிலும் அதே உறுத்தல்தான், ஆனால் வேறு இடத்தில்.

நமக்குப் பால் காட்டுவது வினைமுற்று: வந்தான், வந்தாள், வந்தது. ஸ்பானிஷ் வினைமுற்று பாலைச் சட்டையே செய்யாது. எல் நீன்யோ காந்தா, சிறுவன் பாடுகிறான். லா நீன்யா காந்தா, சிறுமி பாடுகிறாள். 'காந்தா' இரண்டிலும் ஒன்றே. அவர்கள் பாலைக் காட்டும் இடங்கள் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் எல், லா போன்ற ஆர்ட்டிகிளும், பெயரடையும். வெள்ளை வீடு என்றால் லா காசா ப்லாங்கா. மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகரப் பெயர் இதுவேதான். வெள்ளைப் புத்தகம் என்றால் எல் லீப்ரோ ப்லாங்கோ. தமிழில் 'வெள்ளை' யாருக்காகவும் மாறாது; அங்கே வீட்டுக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. பன்மையானால் மூன்று சொற்களும் சேர்ந்தே மாறும்: லாஸ் காசாஸ் ப்லாங்காஸ், லோஸ் லீப்ரோஸ் ப்லாங்கோஸ்.

கால்பந்து பார்ப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. ரியல் மாட்ரிட் அணியை லோஸ் ப்லாங்கோஸ் என்பார்கள். 'வெள்ளையர்' என்று ஆர்ட்டிகிளும் பெயரடையும் மட்டும் நிற்கின்றன. வீரர்கள் என்ற சொல் வெளியே தெரியவில்லை. ஸ்பெயின் தேசிய அணியின் செல்லப்பெயர் லா ரோஹா, 'சிவப்பு'. ஆடுபவர்கள் ஆண்களாக இருந்தாலும் பெயர் பெண்பாலில் இருக்கிறது. தேசிய அணியைக் குறிக்கும் 'செலெக்சியோன்' என்ற சொல் பெண்பால் என்பதே காரணம். மறைந்து நிற்கும் சொல்லின் பால்கூட விடாமல் வந்துவிடுகிறது.

கடைசி எழுத்து சொல்லும் சேதி

காரணம் தேட வேண்டாம் என்றால் அத்தனை சொற்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. சொல்லின் முடிவைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஓகாரத்தில் முடிந்தால் ஆண்பால்: லீப்ரோ (புத்தகம்), சியேலோ (வானம்), ஆன்யோ (ஆண்டு). ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால்: காசா (வீடு), லூனா (நிலா), வெந்தானா (சன்னல்). இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே முதல் சில வாரங்களை ஓட்டிவிடலாம்.

அடுத்து நம்பகமானவை சில நீண்ட ஈறுகள். 'சியோன்' என்று முடிபவை பெண்பால்: கான்சியோன் (பாட்டு), எஸ்தாசியோன் (நிலையம்). 'தாத்' என்று முடிபவையும் பெண்பால்: சியுதாத் (நகரம்), லிபெர்தாத் (விடுதலை), உனிவெர்சிதாத் (பல்கலைக்கழகம்). 'ஆஹே' என்று முடிந்தால் ஆண்பால்: வியாஹே (பயணம்), மென்சாஹே (செய்தி). 'ஓர்' என்று முடிபவையும் பெரும்பாலும் ஆண்பால், ஆனால் பூவைக் குறிக்கும் லா ஃப்ளோர் பெண்பால். ஏகாரத்தில் முடியும் சொற்களை மட்டும் நம்ப முடியாது. பாலம் எல் புவெந்தே, ஆண்பால். தெரு லா காயே, பெண்பால். இரவு லா நோச்சே, பெண்பால். இவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும்.

விதியை மீறும் சொற்களில் முதலில் கண்ணில் படுபவை எல் தியா (நாள்), லா மானோ (கை). துரதிர்ஷ்டம் என்னவென்றால் இரண்டுமே அன்றாடம் தேவைப்படுபவை. வணக்கம் சொல்லும்போதே 'புவேனோஸ் தியாஸ்' என்று ஆண்பாலில்தான் சொல்ல வேண்டும். கை பெண்பாலாக இருப்பதற்கு லத்தீன் பொறுப்பு. 'மானுஸ்' என்ற சொல் அங்கேயே பெண்பால். ஒலி ஓகாரமாக மாறிய பிறகும் பால் மாறவில்லை. லா ஃபோத்தோ, லா மோத்தோ இரண்டும் ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால்தான். இவை முழுச் சொற்கள் அல்ல, ஃபோத்தோகிராஃபியா (புகைப்படம்), மோத்தோசிக்லேத்தா (மோட்டார் சைக்கிள்) என்பவற்றின் வெட்டிய வடிவங்கள். வால் போனாலும் பால் போகவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பாலாக இருக்கும் ஒரு பெரிய கூட்டம் உண்டு: எல் ப்ரொப்லேமா, எல் சிஸ்தேமா, எல் ப்ரோக்ராமா, எல் க்லீமா (தட்பவெப்பம்), எல் இதியோமா (மொழி). இவை கிரேக்கத்திலிருந்து வந்தவை. அங்கே பொதுப்பாலில் இருந்து, இங்கே ஆண்பாலில் சேர்ந்தவை. படித்தவர்கள் பேச்சில் புழங்கும் சொல், 'மா' என்று முடிகிறது, பல மொழிகளிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஆண்பால் என்று கொள்ளலாம். லா காமா (படுக்கை), லா ராமா (கிளை) போன்ற வீட்டுச் சொற்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல; அவை ஒழுங்காகப் பெண்பாலில் இருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சி இதுதான்: விதிகள் துணைக்கு மட்டும். குறிப்பேட்டில் எழுதும்போது 'மானோ = கை' என்று எழுதாதீர்கள்; 'லா மானோ = கை' என்று எழுதுங்கள். ஆர்ட்டிகிளும் பெயர்ச்சொல்லும் ஒரே சொல் என்று நாக்கு நம்பிவிட்டால் பால் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும். வண்ணப் பேனாக்கள், படங்கள், கற்பனைக் கதைகள் என்று சொல்லித்தரப்படும் உத்திகள் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தருவதில்லை. பேசும்போது நினைவுக்கு வருவது நிறம் அல்ல, ஒலிதான்.

மனிதர்கள் என்று வந்தால்

மனிதர்களைக் குறிக்கும் சொற்களில் பால் பெரும்பாலும் ஆளைப் பொறுத்தே அமையும். மகனுக்கு 'ஈஹோ', மகளுக்கு 'ஈஹா'. எல் ப்ரொஃபெசோர், லா ப்ரொஃபெசோரா. ஏகாரத்திலும் 'ஈஸ்தா'விலும் முடிபவை பெரும்பாலும் வடிவம் மாறாமல் ஆர்ட்டிகிளை மட்டும் மாற்றிக்கொள்ளும்: எல் எஸ்துதியாந்தே, லா எஸ்துதியாந்தே (மாணவன், மாணவி), எல் ஆர்தீஸ்தா, லா ஆர்தீஸ்தா (கலைஞர்).

நமக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. தமிழில் ஆசிரியர், நண்பர், அமைச்சர் என்று மரியாதைப் பன்மையில் சொல்லி ஆணா பெண்ணா என்பதைத் தொடாமலேயே ஒரு முழுப் பத்தி எழுதிவிடலாம். ஸ்பானிஷில் அந்த வசதி குறைவு. 'என் நண்பர் ஒருவர் சொன்னார்' என்று மொழிபெயர்க்கப் போனால் அமீகோவா அமீகாவா என்று முதல் சொல்லிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

விதிவிலக்காகச் சில சொற்கள் ஆள் யாராக இருந்தாலும் அசையாது. லா பெர்சோனா (நபர்), லா வீக்திமா (பாதிக்கப்பட்டவர்) இரண்டும் எப்போதும் பெண்பால். மீசை வைத்த ஆளைப் பற்றிப் பேசினாலும் 'நல்ல நபர்' என்பது உனா புவேனா பெர்சோனாதான். விலங்குகளிலும் இப்படி உண்டு. ஒட்டகச்சிவிங்கி, ஆணோ பெண்ணோ, லா ஹிராஃபா.

இன்னும் சில சொற்கள் பாலை மாற்றினால் பொருளையே மாற்றிக்கொள்ளும். எல் காபிதால் என்றால் முதலீட்டுப் பணம். லா காபிதால் என்றால் தலைநகரம். எல் கூரா பாதிரியார்; லா கூரா சிகிச்சை. எல் கொமேத்தா வால்மீன். லா கொமேத்தா காற்றாடி. எல் பாப்பா போப்பாண்டவர். லா பாப்பா, லத்தீன் அமெரிக்காவில், உருளைக்கிழங்கு. கடைசி இணையில் ஆர்ட்டிகிளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒன்று பலவாகும்போது

பன்மை எளிது. உயிர் ஒலியில் முடிந்தால் 'ஸ்' சேருங்கள்: காசா, காசாஸ், லீப்ரோ, லீப்ரோஸ், நோச்சே, நோச்சேஸ். மெய்யில் முடிந்தால் 'எஸ்' சேருங்கள்: சியுதாத், சியுதாதெஸ், ஃப்ளோர், ஃப்ளோரெஸ், ரெய் (அரசன்), ரெயெஸ்.

எழுதும்போது இரண்டு சிறு மாற்றங்கள் வரும். 'இசட்' எழுத்தில் முடியும் சொற்களில் அது 'சி' எழுத்தாக மாறும்: லூஸ் (ஒளி), லூசெஸ், லாபிஸ் (பென்சில்), லாபிசெஸ். ஒலி மாறாது, எழுத்து மட்டும்தான் மாறும். இன்னொன்று, அழுத்தக் குறி. கான்சியோன் என்ற சொல்லின் கடைசி உயிரின்மேல் ஒரு சிறு கோடு இருக்கும். பன்மையில் கான்சியோனெஸ் ஆகும்போது அந்தக் கோடு காணாமல் போகும். அழுத்தம் அதே இடத்தில்தான் இருக்கிறது. கடைசிக்கு முந்தைய அசைக்கு அழுத்தம் என்ற பொதுவிதிக்குள் சொல் வந்துவிட்டதால் குறி தேவைப்படவில்லை. 'ஹோவென்' (இளைஞர்) என்ற சொல்லில் இதற்கு நேர்மாறு. ஒருமையில் இல்லாத குறி ஹோவெனெஸ் என்ற பன்மையில் முளைக்கும்.

ஏற்கெனவே 'ஸ்' ஒலியில் முடியும் சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் இல்லையென்றால் சொல் அப்படியே நிற்கும். எண்ணைக் காட்டும் பொறுப்பு முழுவதும் ஆர்ட்டிகிளுடையது. எல் லூனெஸ் என்றால் திங்கட்கிழமை, லோஸ் லூனெஸ் என்றால் திங்கட்கிழமைகள். லா க்ரீசிஸ், லாஸ் க்ரீசிஸ். கடைசி அசையில் அழுத்தம் இருந்தால் வழக்கம்போல 'எஸ்' சேரும்: அவ்தோபூஸ் (பேருந்து), அவ்தோபூசெஸ். பன்மையிலும் அப்படியே நிற்கும் வகையில் எனக்குப் பிடித்த சொல் எல் பாராகுவாஸ், குடை. 'தண்ணீரைத் தடுப்பது' என்று வினையும் பெயரும் கூடிய தொகைச்சொல். உள்ளே இருக்கும் 'ஆகுவாஸ்' பெண்பால் பன்மை. தொகையாகச் சேர்ந்ததும் மொத்தச் சொல் ஆண்பால் ஒருமையாகிவிட்டது. வானளாவிய கட்டடத்துக்கும் இப்படித்தான் எல் ராஸ்காசியேலோஸ், 'வானங்களைச் சுரண்டுவது'.

தமிழர் செய்யும் பிழை வேறு வகையானது. நாம் 'ஐந்து புத்தகம் வாங்கினேன்' என்று எண்ணுக்குப் பிறகு ஒருமையை வைத்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. அஃறிணையில் 'கள்' விருப்பத்துக்குரியது. ஸ்பானிஷில் அது கட்டாயம். ஐந்து என்று சொல்லிவிட்டோமே, பன்மை தெரிந்துவிட்டதே என்று விட்டுவிட முடியாது. சிங்கோ லீப்ரோஸ் என்றுதான் சொல்ல வேண்டும். பெயரடை இருந்தால் அதற்கும் 'ஸ்' உண்டு.

ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் ஆண்பால் பன்மையில் வரும். எல் பாத்ரே என்றால் தந்தை, ஆனால் லோஸ் பாத்ரெஸ் என்றால் பெற்றோர். லோஸ் எர்மானோஸ் என்பது சகோதரர்களாகவும் இருக்கலாம், அண்ணன் தங்கைகளாகவும் இருக்கலாம். ஸ்பெயின் வரலாற்றில் வரும் லோஸ் ரெயெஸ் கத்தோலிகோஸ், 'கத்தோலிக்க அரசர்கள்', உண்மையில் ஓர் அரசனும் ஓர் அரசியும்: 1469இல் மணந்துகொண்ட ஃபெர்னாந்தோவும் இசபெல்லும். இந்த வழக்கம் பெண்களை மறைக்கிறது என்று எதிர்ப்பவர்கள் ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் பதிலாக ஏகார ஈற்றைப் புழங்குகிறார்கள். 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிஷ் மொழி அகாதமி அதை ஏற்கவில்லை. புதிதாகக் கற்பவர் அந்த வழக்கையும் கேட்க நேரும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ஆர்ட்டிகிளின் வேலை

நான்கு வடிவங்களையும் இப்போது ஒன்றாகப் பார்த்துவிடலாம். ஆண்பால் ஒருமைக்கு எல், பன்மைக்கு லோஸ். பெண்பால் ஒருமைக்கு லா, பன்மைக்கு லாஸ். இவை எல்லாம் 'அந்த' என்று பொருள்படும் லத்தீன் சுட்டுச்சொல்லிலிருந்து பிறந்தவை. சுட்டும் வேகம் தேய்ந்துபோய், 'நாம் இருவரும் அறிந்த அது' என்ற மெல்லிய குறிப்பாக எஞ்சியிருக்கின்றன.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லையே, இதை எப்படி உணர்வது என்ற கேள்வி வரும். நம் மொழியில் அந்த வேலையை வேறொன்று சத்தமில்லாமல் செய்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் முன்பே பேசிக்கொண்டிருந்த புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபான அந்த 'ஐ' கொண்டுவரும் நிச்சயத்தைத்தான் ஸ்பானிஷில் 'எல்' கொண்டுவருகிறது. கொம்ப்ரே உன் லீப்ரோ, ஒரு புத்தகம் வாங்கினேன். கொம்ப்ரே எல் லீப்ரோ, புத்தகத்தை வாங்கினேன்.

'எல்' மட்டும் இரண்டு இடங்களில் முன்சொல்லோடு புணர்ந்துவிடும். 'ஆ' (க்கு) என்பதோடு சேர்ந்தால் அல். 'தே' (உடைய, இருந்து) என்பதோடு சேர்ந்தால் தெல். சிறுவனுடைய புத்தகம், எல் லீப்ரோ தெல் நீன்யோ. பிரித்துச் சொன்னால் பிழை. லா, லோஸ், லாஸ் புணர்வதில்லை. நாட்டுப் பெயரின் பகுதியாக 'எல்' வரும்போது எழுத்தில் சேர்ப்பதில்லை: தே எல் சால்வதோர்.

இனி எல்லாப் பாடநூல்களும் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓடிவிடும் விஷயம்: தண்ணீர். ஆகுவா பெண்பால் சொல். ஆனால் 'லா ஆகுவா' என்று யாரும் சொல்வதில்லை. எல் ஆகுவா என்பார்கள். உடனே 'தண்ணீர் ஒருமையில் ஆண், பன்மையில் பெண்' என்று குறித்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படியல்ல. பழைய ஸ்பானிஷில் பெண்பால் ஆர்ட்டிகிள் 'எலா' என்று இருந்தது. மெய்யெழுத்தின் முன் அதன் தலை தேய்ந்து 'லா' ஆனது. ஆகார ஒலியின் முன் வால் தேய்ந்தது: எலா ஆகுவா, எல் ஆகுவா. ஆக, இங்கே நிற்கும் 'எல்' ஆண்பால் ஆர்ட்டிகிள் அல்ல. பெண்பாலின் இன்னொரு முகம். பெயரடையைச் சேர்த்தால் உண்மை தெரியும்: குளிர்ந்த நீர் எல் ஆகுவா ஃப்ரியா, ஃப்ரியோ அல்ல. பன்மை லாஸ் ஆகுவாஸ். நடுவில் வேறு சொல் வந்தாலும் லா திரும்பிவிடும்: அதே நீர், லா மீஸ்மா ஆகுவா.

அழுத்தமான ஆகார ஒலியில் தொடங்கும் பெண்பால் பெயர்ச்சொற்களுக்கு மட்டும்தான் இந்த விதி: எல் ஆகிலா (கழுகு), எல் ஆல்மா (ஆன்மா), எல் ஆம்ப்ரே (பசி). அமீகாவில் முதல் அசைக்கு அழுத்தம் இல்லை. எனவே லா அமீகாதான். 'இந்தத் தண்ணீர்' என்பதை ஆண்பாலில் 'எஸ்தே ஆகுவா' என்று ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தவறாகச் சொல்வதைக் கேட்கலாம். இலக்கணப்படி எஸ்தா ஆகுவா.

நாம் விட்டுவிடும் இடங்கள்

பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். ஆங்கிலம் பொதுவாகப் பேசும்போது ஆர்ட்டிகிளை விட்டுவிடும். அந்தப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. ஸ்பானிஷ் நேர்மாறு: ஒரு வகை முழுவதையும் பொதுவாகச் சொன்னால் ஆர்ட்டிகிள் கட்டாயம். எனக்கு இசை பிடிக்கும், மே கூஸ்தா லா மூசிகா. எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும், மே கூஸ்தான் லோஸ் லீப்ரோஸ். இந்த வாக்கியங்களில் தமிழருக்கு மகிழ்ச்சி தரும் ஒன்று இருக்கிறது. 'மே' என்பது 'எனக்கு'; வாக்கிய அமைப்பு அப்படியே நம்முடையது. ஆங்கில அமைப்பை நடுவில் கொண்டுவராமல் தமிழிலிருந்து நேராகப் போய், ஆர்ட்டிகிளை மட்டும் சேர்த்தால் போதும்.

உடலுறுப்புகளிலும் இதே கதை. தமிழில் 'எனக்குத் தலை வலிக்கிறது' என்போம். 'என் தலை' என்று உரிமை கொண்டாடுவதில்லை. ஸ்பானிஷிலும் மே துவேலே லா காபேசா: எனக்கு, வலிக்கிறது, தலை. உரிமைச் சொல்லுக்குப் பதில் ஒரு லா, அவ்வளவுதான்.

மற்றபடி சிலவற்றை வாக்கியமாகவே பழகிக்கொள்வது நல்லது. ஒருவரைப் பற்றிப் பேசும்போது எல் சென்யோர் கார்சியா என்று ஆர்ட்டிகிளோடு. அவரை நேரில் விளிக்கும்போது வெறும் சென்யோர் கார்சியா. மொழிப் பெயருக்கு 'பேசு' என்ற வினைக்குப் பிறகு ஆர்ட்டிகிள் வேண்டாம்: ஆப்லோ எஸ்பன்யோல். இந்தியாவை லா இந்தியா என்று ஆர்ட்டிகிளோடு சொல்வது பரவலான வழக்கம். மணி சொல்லும்போது எஸ் லா உனா (ஒரு மணி), சோன் லாஸ் த்ரேஸ் (மூன்று மணி); இங்கே லா, லாஸ் வருவது மறைந்து நிற்கும் 'ஓரா' (மணி) என்ற பெண்பால் சொல்லுக்காக. கிழமைகளில் ஆர்ட்டிகிளே வேற்றுமை உருபின் வேலையையும் பார்க்கும். த்ரபாஹோ எல் லூனெஸ் என்றால் வரும் திங்களன்று வேலை செய்கிறேன். த்ரபாஹோ லோஸ் லூனெஸ் என்றால் திங்கள்தோறும் வேலை செய்கிறேன்.

காதால் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. தென் ஸ்பெயினின் அந்தலூசியாவிலும் கரீபியத் தீவுகளிலும் சொல்லின் கடைசி 'ஸ்' ஒலியை மூச்சாகத் தேய்த்தோ முழுவதுமாக விழுங்கியோ பேசுவார்கள். லாஸ் காசாஸ் என்பது ஏறக்குறைய 'லா காசா' என்றே காதில் விழும். ஆண்பாலில் பிழைத்தோம்: எல் லீப்ரோ, லோ(ஸ்) லீப்ரோ(ஸ்) இரண்டுக்கும் ஆர்ட்டிகிளின் உயிரொலியே வேறு. பெண்பாலில் ஒருமையா பன்மையா என்பதற்கு வினைமுற்றைக் கவனியுங்கள். பன்மை வினை 'ன்' என்று முடியும். அந்த ஒலியை அவர்கள் 'ஸ்' ஒலியைப் போல விழுங்குவதில்லை.